ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு: குமுளி ஸ்டூடியோவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான குமுளியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மேலே வண்டிப்பெரியாறு, அணக்கரைப் பக்கத்து எஸ்டேட்காரர்கள், மலைக்குக் கீழே லோயர் கேம்ப், கூடலூர், கம்பத்துக்காரர்கள், இவர்கள்தான் வாடிக்கை. சிலர் தமிழில் கேட்பார்கள், சிலர் மலையாளத்தில் கேட்பார்கள்; கேள்வி ஒன்றுதான். கவுண்டரில் நின்று முழுசாகப் பதில் சொல்ல நேரம் வாய்ப்பதில்லை. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன்.

அண்ணே, எங்க கல்யாண நெகட்டிவ் உங்ககிட்ட இன்னும் இருக்குமா?

ஃபிலிம் காலத்தில் எங்கள் ஸ்டூடியோ எடுத்த கல்யாணம் என்றால் பெரும்பாலும் இருக்கும். ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை உருவிக் கொண்டு வாருங்கள். பின்பக்கம் பென்சிலில் ஒரு எண் எழுதியிருப்போம். அதுதான் நெகட்டிவ் கவரின் எண். எண் அழிந்திருந்தால் கல்யாணம் நடந்த மாதமும் மண்டபமும் சொல்லுங்கள், தேடிப் பார்க்கலாம்.

"எங்க படம், நெகட்டிவ் மட்டும் ஏன் உங்ககிட்ட?" என்று சிலர் கோபிப்பதுண்டு. நியாயமான கேள்விதான். அன்றைய வழக்கம் அப்படி. படம் வாங்குகிறவருக்கு பிரிண்ட், எடுத்தவருக்கு நெகட்டிவ். ஸ்டூடியோவின் வருமானத்தில் நல்ல பங்கு அந்த அலமாரியில்தான் இருந்தது. துபாயில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு காப்பி, வரன் பார்க்க ஒரு போஸ்ட்கார்ட் சைஸ், பெரியவர் தவறிவிட்டால் மாலை போட ஒரு பெரிய படம் என்று பல வருஷம் கழித்தும் ஆட்கள் திரும்பி வருவார்கள். பாஸ்போர்ட் சைஸ் எடுத்த பையன், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதே நெகட்டிவில் எட்டு காப்பி கேட்டு வருவான்.

டிஜிட்டல் வந்ததும் சிடியில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தோம். கேமரா மாறியதைவிடத் தொழிலை அதிகம் உலுக்கியது இந்த சிடிதான் என்பது என் கணக்கு. படம் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது. அவர் காப்பிக்கு எங்களிடம் வர வேண்டிய அவசியம் போனது. அதைப் பத்திரமாக வைக்க வேண்டிய பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது.

மூடிப்போன ஸ்டூடியோக்களின் நெகட்டிவ் எங்கே போயிருக்கும்?

சில இடங்களில் வாரிசுகள் மூட்டை கட்டிப் பரணில் போட்டிருக்கிறார்கள். சில மூட்டைகளை பழைய சாமான்காரர் எடைக்கு வாங்கிப் போனார். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமாக நிற்பதே வெள்ளிதான். அதைப் பிரித்தெடுக்க ஆள் உண்டு. உங்கள் ஊர் ஸ்டூடியோ மூடப்பட்டிருந்தால் அந்தக் குடும்பத்தை இன்றைக்கே போய்க் கேளுங்கள், அடுத்த வருஷம் வீடு இடிக்கும்போது கேட்காதீர்கள்.

நெகட்டிவ் கிடைத்துவிட்டது. அப்புறம்?

ஓரத்தை மட்டும் பிடியுங்கள். மங்கலாகத் தெரியும் பக்கம்தான் மருந்துப் பூச்சு உள்ள பக்கம். அதில் விரல் படக் கூடாது, துணி போட்டுத் துடைக்கவும் கூடாது. தூசியை ஊதுபந்தால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

ஸ்கேன் செய்ய, ஃபிலிமின் ஊடாக ஒளி பாயும் வசதியுள்ள ஸ்கேனர் வேண்டும். ஜெராக்ஸ் கடை ஸ்கேனர் உதவாது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் ஒரு சட்டம், அதாவது ஒரு படம் பதியும் இடம், 24-க்கு 36 மில்லிமீட்டர். அதை அங்குலத்துக்கு 2400 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 3400-க்கு 2270 பிக்சல் கிடைக்கும். 8-க்கு 12 அங்குலப் படம் போட அது தாராளம். அதைவிட அகலமான 120 ஃபிலிமில் எடுத்த சதுரப் படங்கள் என்றால் இன்னும் பெரிதாகவே போடலாம்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் டிஜிட்டல் கேமராவில், மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் போட்டு, நெகட்டிவை ஒரு வெள்ளை ஒளிப்பலகை மேல் வைத்துப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் நிறத்தைத் தலைகீழாக்கலாம். கறுப்பு வெள்ளைக்கு அது சுலபம். கலர் நெகட்டிவில் ஆரஞ்சு நிறப் படலம் ஒன்று இருக்கும். அதைக் கழிக்காமல் திருப்பினால் எல்லோர் முகமும் நீலம் பூத்துக் கிடக்கும். அதற்குப் பழகிய கை வேண்டும்.

டிஜிட்டல் கேமரா முதலில் எப்போது வந்தது?

பலர் நினைப்பதைவிட மிகவும் முன்னாலேயே. 1975-இல் அமெரிக்காவின் கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் எஞ்சினியர் ஒன்றைச் செய்து காட்டினார். 3.6 கிலோ எடை. கறுப்பு வெள்ளைப் படம், 100-க்கு 100 புள்ளி, அதாவது 0.01 மெகாபிக்சல். ஒரு படம் கேசட் டேப்பில் பதிய 23 நொடி ஆனது. அதில் இருந்த சிசிடி என்ற சென்சாரை 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் கண்டுபிடித்தார்கள். 2009-இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

1991-இல் கோடக்கே நிக்கான் எஃப்3 கேமராவில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தி விற்றது. படம் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். பத்திரிகைக்காரர்கள் வாங்கினார்கள், நம்மைப் போன்றவர்கள் விலையைக் கேட்கக்கூட முடியாது. 1999-இல் நிக்கான் டி1 வந்தது, 2.7 மெகாபிக்சல். 2003-இல் கேனன் 300டி, 6.3 மெகாபிக்சலோடு ஆயிரம் டாலருக்குள் வந்தது. அடுத்த வருஷம் நிக்கான் டி70. சின்ன ஊர் ஸ்டூடியோக்காரர்கள் கடன் வாங்கியாவது எட்டிப் பிடிக்கக்கூடிய விலை அங்கேதான் தொடங்கியது.

நம்ம பக்கம் எல்லோரும் ஒரே சமயத்திலா மாறினார்கள்?

இல்லை. இடையில் ஒரு கலப்புக் காலம் இருந்தது, அது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்கு முன்னால் லேப்தான் டிஜிட்டல் ஆனது. நாங்கள் ஃபிலிமில் எடுப்போம், ரோலைத் தேனிக்கோ மதுரைக்கோ கோட்டயத்துக்கோ பஸ்ஸில் கொடுத்து விடுவோம். அங்கே ஃபிலிமைக் கழுவி, மெஷின் ஒவ்வொரு சட்டத்தையும் ஸ்கேன் செய்து, லேசர் ஒளியால் போட்டோ பேப்பரில் பதிக்கும். ஃபூஜி ஃபிரான்டியர் மெஷின் போட்ட லேப் என்றால் அப்போது மவுசு. ஆக, 2000-களின் தொடக்கத்தில் உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஏறிய படம் பாதி ஃபிலிம், பாதி டிஜிட்டல்.

ரோலை பஸ்ஸில் அனுப்பிய காலத்தில் பஸ் வராவிட்டால் வேலை நின்றது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளி எல்லையில் போக்குவரத்து முடங்கியபோது, டிஜிட்டலுக்கு வந்துவிட்டவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. மலைக்குக் கீழே எடுத்த கல்யாணத்தின் ஆல்பம் டிசைனை இன்டர்நெட் வழியாக இந்தப் பக்கம் அனுப்ப முடிந்தது. ஆல்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் பாதை திறக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போ ஃபிலிம் செலவே இல்லையே, ரேட் மட்டும் ஏன் ஏறிக்கிட்டே போகுது?

இந்தக் கேள்வி கேட்காத மாப்பிள்ளை வீட்டார் கிடையாது. சரி, விவரமாகச் சொல்கிறேன்.

ஃபிலிம் காலத்தில் பேரம் ரோல் கணக்கில் நடக்கும். "எத்தனை ரோல் போடுவீங்க?" என்பதுதான் முதல் பேச்சு. ஒரு ரோலில் 36 படம்; இருட்டில் கவனமாக மாட்டினால் 37, அதிர்ஷ்டமிருந்தால் 38. பத்து ரோல் கல்யாணம் என்றால் பெரிய இடத்துக் கல்யாணம். ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் ரோல் விலை, கழுவும் கூலி, பிரிண்ட் காசு மூன்றும் சேர்ந்து போகும் என்பது விரலுக்கே தெரியும். குரூப் போட்டோ ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதில் மாமா கண்ணை மூடியிருந்தால் ஆல்பத்திலும் மூடியபடிதான்.

கேரளாக் கல்யாணம் இதில் தனி ரகம். தமிழ்நாட்டுப் பக்கம் முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னும் சடங்கு நீளும், கைக்கு அவகாசம் இருக்கும். இங்கே பல இந்துக் கல்யாணங்களில் தாலி கட்டு, புடவை கொடுப்பது, மாலை எல்லாம் சில நிமிஷத்தில் முடிந்து பந்தியில் இலை விழுந்துவிடும். அந்தச் சில நிமிஷத்தில் ரோல் முடிந்துவிடக் கூடாதே என்று, 30-ஆவது படத்திலேயே ரோலைச் சுற்றி எடுத்துப் புது ரோல் மாட்டுவோம். ஆறு படம் வீணானாலும் தாலி தப்பக் கூடாது.

இன்று ஒரு கல்யாணத்தில் 3000 படம் சாதாரணம். அழுத்துவதற்குச் செலவில்லை, சம்மதிக்கிறேன். ஆனால் அந்த 3000-ஐயும் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, 300-ஆகக் குறைத்து, நிறம் சரிசெய்து, பக்கம் பக்கமாக டிசைன் பண்ண வேண்டும். முன்பு நிறமும் வெளிச்சமும் லேப் ஆபரேட்டர் பாடு. எங்கள் குறை பாதியை அவர் கண் பார்த்துச் சரிக்கட்டிவிடுவார், நாங்களும் பெயர் வாங்கிக்கொள்வோம். இப்போது அந்த வேலை ஸ்டூடியோவுக்குள் வந்துவிட்டது. கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க், சாஃப்ட்வேர், யுபிஎஸ், டிசைனர் சம்பளம் எல்லாம் கூடவே வந்தன. பழைய நிக்கான் எஃப்எம்2 ஒன்றை வாங்கினால் இருபது வருஷம் ஓடும். டிஜிட்டல் பாடியை நான்கைந்து வருஷத்தில் மாற்றாவிட்டால் வாடிக்கையாளரே கேட்கிறார், "என்னண்ணே, இன்னும் இந்தக் கேமராதானா?" 2008-இல் கேனன் 5டி மார்க் 2 வந்து ஸ்டில் கேமராவிலேயே முழு எச்டி வீடியோ எடுக்கலாம் என்று ஆனதும் வீடியோவும் எங்கள் தலையில் ஏறியது. ரேட் அதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

ஆரம்பகால டிஜிட்டல் கல்யாணப் படங்களில் வேட்டியும் கசவுப் புடவையும் ஏன் வெறும் வெள்ளையாகத் தெரிகின்றன?

நல்ல கண் உங்களுக்கு. ஃபிலிமிலிருந்து வந்த கை செய்த வேலை அது.

கலர் நெகட்டிவ் ஃபிலிம், வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும். இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்காக, கூடினாலும் நெகட்டிவில் விவரம் இருக்கும், லேபில் இறக்கிக்கொள்ளலாம். குறைந்தால்தான் ஆபத்து, நிழல் சேறாகிவிடும். அதனால் எல்லோரும் பழகியது, "சந்தேகம் வந்தால் கொஞ்சம் தாராளமாகக் கொடு" என்பதுதான். டிஜிட்டல் சென்சார் நேர் எதிர். நிழலில் கொஞ்சம் குறைந்தாலும் தூக்கிவிடலாம். வெள்ளை ஒரு எல்லையைத் தாண்டினால் அங்கே எதுவுமே பதிவாகாது, எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் துணியின் மடிப்பு திரும்பாது.

இதை எந்த ஊரில் பார்த்தாலும், தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தும் கேரளாக் கல்யாணத்தில் பார்க்க வேண்டும். பட்டுப்புடவைக்குப் பழகிய நம்ம ஊர்க் கேமராமேன் மலை ஏறி வந்து, தங்கக் கரை மட்டும் காற்றில் மிதக்க, நடுவில் புடவையே இல்லாத மாதிரி எடுத்துவிட்டுப் போவார். அப்புறம் ஒளியைக் கொஞ்சம் குறைத்து எடுப்பது, திரையில் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச அளவு வரைபடத்தைப் பார்ப்பது, ஜேபெக்கோடு, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலும் எடுத்து வைப்பது என்று பழகினார்கள். ஃப்ளாஷை நேராக அடிக்காமல் கூரையில் அடித்துத் திருப்புவதும் அப்போதுதான் பரவலானது. மண்டபத்துக் கூரை வெள்ளையாக இருந்தால்தான் அது சரிப்படும். பச்சைப் பெயின்ட் அடித்த மண்டபங்களும் உண்டு, அதில் மணப்பெண்ணும் பச்சையாகத்தான் தெரிவாள்.

டார்க் ரூமில் என்னதான் செய்வார்கள்?

கறுப்பு வெள்ளைக்குச் சொல்கிறேன். சிவப்பு பல்பு எரியும். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரில் நெகட்டிவை வைத்துக் கீழே உள்ள புரோமைடு பேப்பரில் ஒளியை விழ வைப்போம். பேப்பர் வெறும் வெள்ளையாகவே இருக்கும். டெவலப்பர் தட்டில் போட்டு மெல்ல ஆட்டினால் முதலில் தலைமுடி, அப்புறம் கண், மெதுவாக முகம் என்று கறுப்பு உள்ள இடமாக எழும்பி வரும். அப்புறம் தண்ணீர், அப்புறம் படத்தை நிலைக்க வைக்கும் மருந்தான ஹைப்போ, பிறகு நெடுநேரம் ஓடும் தண்ணீரில் கழுவல். ஹைப்போ சரியாகக் கழுவப்படாத படம்தான் சில வருஷத்தில் பழுப்பேறும்.

மருந்தின் சூடு 20 டிகிரியில் நிற்க வேண்டும். கம்பத்தில் சித்திரை வெயிலில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள் ஐஸ் கட்டி வாங்கி, மருந்துத் தட்டை அதன் மேல் வைப்பார்கள். சூடு ஏறினால் ஃபிலிமின் பூச்சு இளகிச் சுருங்கிவிடும். அதே மருந்தை மார்கழியில் குமுளியில் கலக்கினால் படம் எழும்பவே எழும்பாது, வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கிச் சூடேற்ற வேண்டும். இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு மலைப்பாதைதான். கலர் ஃபிலிம் வந்ததும் இது சின்ன ஸ்டூடியோவின் கையை விட்டுப் போனது. கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரியில், 3 நிமிஷம் 15 நொடி என்று கணக்கு. அரை டிகிரி பிசகினாலும் நிறம் ஏமாற்றும். அதனால்தான் மெஷின் வைத்த லேபுக்கு எல்லோரும் போனோம். கேட்டால், கைத்தொழில் போனது டிஜிட்டலால் இல்லை, கலரால் என்றுதான் சொல்வேன். முகப்பருவையும் சுருக்கத்தையும் நெகட்டிவ் மேலேயே கூர்மையான பென்சிலால் மறைத்த டச்சப் கலைஞர்கள் அப்போதே வேலை இழந்துவிட்டார்கள்.

ஊட்டியில் ஃபிலிம் கம்பெனி இருந்ததாமே?

இருந்தது. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், மத்திய அரசு நிறுவனம், 1960-இல் தொடங்கப்பட்டது. "இந்து" என்ற பெயரில் ஃபிலிம், போட்டோ பேப்பர், ஆஸ்பத்திரிக்கான எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. கலர் ஃபிலிம் ஊரெல்லாம் பரவி, வெளிநாட்டுச் சரக்கும் தாராளமாக வந்ததும் நொடித்துப்போனது. டிஜிட்டல் அதன் மேல் விழுந்த கடைசி அடி, முதல் அடி அல்ல.

டிஜிட்டலைக் கண்டுபிடித்த கோடக் ஏன் விழுந்தது?

ஃபிலிம் விற்ற லாபம் அவ்வளவு. அதைத் தானே கெடுத்துக்கொள்ளத் தயங்கினார்கள், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டார்கள். ஃபூஜி தன் ரசாயன அறிவை மருந்து, அழகுசாதனம் என்று திருப்பிவிட்டுப் பிழைத்துக்கொண்டது. நாங்கள் அதிகம் வாங்கிய கோனிக்கா ரோலும் 2006-இல் கம்பெனி போட்டோத் தொழிலை விடுவதாக அறிவித்ததோடு போயிற்று.

மகன் ஃபிலிம் கேமரா வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், செலவு தெரிந்து கொடுங்கள். ரோல் இன்று அன்றைய விலையில் இல்லை. இங்கே கழுவ ஆள் இல்லை, பெரிய நகரத்து லேபுக்கு கூரியரில் அனுப்ப வேண்டும். கறுப்பு வெள்ளை என்றால் வீட்டுக் குளியலறையிலேயே வெளிச்சம் புகாத ஒரு டாங்க் வைத்துக் கழுவலாம், பையனுக்கு நல்ல பொழுதுபோக்கு.

வீட்டில் பழைய யாஷிகாவோ பென்டாக்ஸ் கே1000-ஓ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள் தெரிந்தால் பூஞ்சை. பின்கதவு ஓரத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்கும். தொட்டால் தார் போல ஒட்டினால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் கசியும். ஷட்டரை ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்திக் காதால் கேளுங்கள். இழுத்து இழுத்து நின்றால் வேண்டாம்.

இந்தப் பூஞ்சை எப்படி வராமல் தடுப்பது?

ஏலமலையில் கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள தலைவலி. ஃபிலிமா டிஜிட்டலா என்று பூஞ்சை பார்ப்பதில்லை. பழைய வழி: மர அலமாரிக்குள் குறைந்த வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, அதன் சூட்டில் கேமராவை வைப்பது. எல்இடி பல்பு போட்டால் பயனில்லை, அதில் சூடு கிடையாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதும் சரிதான், ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போட வேண்டும். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பதே அந்தத் தோல்தான்.

டிஜிட்டல் படம் எத்தனை வருஷம் இருக்கும்?

பார்த்துக்கொண்டால் எத்தனை வருஷமும். பார்க்காவிட்டால் இரண்டு வருஷம்கூட நிற்காது. 2005 வாக்கில் நாங்கள் கொடுத்த சிடிகளில் பல இன்று திறப்பதில்லை. அந்தக் காலத்துப் படம் வேண்டும் என்று வருகிறவர்களுக்குத்தான் நான் அதிகம் இல்லை என்று சொல்ல நேர்கிறது. அவர்கள் பெற்றோர் கல்யாண நெகட்டிவ் இருக்கிறது, அவர்கள் கல்யாண ஃபைல் இல்லை.

கண்ணகி கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் ஒரு நாள், சித்திரா பௌர்ணமிக்கு மட்டும்தான் மங்கலதேவி மலையில் ஜனங்களை விடுகிறார்கள். ஃபிலிம் காலத்தில் ஒருவர் இரண்டு ரோலோடு ஜீப்பில் போய் எடுத்த படம் கவரில் அப்படியே இருக்கிறது. பிற்பாடு மொபைலில் ஆயிரக்கணக்கில் எடுத்தவர்களைக் கேட்டால், "அந்த போன் போச்சுண்ணே" என்கிறார்கள்.

இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அசல் என்று நம்பாதீர்கள், அது பெரும்பாலும் சுருக்கப்பட்டது. முக்கியமான நூறு படத்தையாவது பிரிண்ட் போட்டுவிடுங்கள். இதைச் சொல்வதில் எனக்கு வியாபாரமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

தாத்தா படம் ஒன்றே ஒன்றுதான். கண்ணாடி ஃபிரேமில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எடுக்கலாமா?

தொடாதீர்கள். ஈரத்தில் படத்தின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியிலும் பேப்பர் உங்கள் கையிலும் வரும். கத்தி, பிளேடு எதுவும் வேண்டாம். ஃபிரேமோடு அப்படியே துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கண்ணாடியில் எதிரொளி விழாமல் அதன் வழியாகவே டிஜிட்டலில் எடுத்துவிடலாம். பஸ்ஸில் வருகிறவர்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே லக்கேஜ் கம்பியில் போடாதீர்கள். வளைவு ஏறும்போது விழுந்துவிடும்.